பிரெஞ்சு நீராவி எஞ்சின்களை பிளெண்டர் முப்பரிமாண மென்பொருளில் செய்வது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு எஞ்சின் ஒன்றை மாடல் செய்ய ஆசை. எதில் தொடங்கலாம்?

பதில்: கிராம்ப்டன் எஞ்சினில் தொடங்குங்கள். அதை வடிவமைத்த தாமஸ் கிராம்ப்டன் ஆங்கிலேயர். ஆனால் அவர் எஞ்சினைக் கொண்டாடியது பிரான்ஸ்தான். அங்கே "கிராம்ப்டனைப் பிடிக்கிறேன்" என்றாலே எக்ஸ்பிரஸில் போகிறேன் என்று அர்த்தம். கைல் நிறுவனம் 1852இல் கட்டிய, பின்னாளில் கிழக்கு ரயில்வேயின் 80ஆம் எண் எஞ்சினான 'லெ கோந்தினான்' இன்றும் முலூஸ் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எல்லாக் கோணத்திலும் படங்கள் கிடைக்கும்.

பாய்லர் தாழ்வாக இருந்தால்தான் எஞ்சின் வேகத்தில் ஆடாது என்று அன்று நம்பினார்கள். பெரிய சக்கரத்தின் அச்சு பாய்லருக்கு அடியில் போனால் பாய்லர் மேலே ஏறிவிடும். அதனால் அச்சை ஃபயர்பாக்ஸுக்கு (நெருப்பு எரியும் அறைக்கு)ப் பின்னால் தள்ளிவிட்டார் கிராம்ப்டன். டிரைவருக்கு இருபுறமும் ஆளைவிட உயரமான சக்கரம், சுமார் 2.3 மீட்டர். தலைக்கு மேல் கூரை கிடையாது. இந்த அமைப்பு புரிந்துவிட்டால் மாடலில் பாதி முடிந்தது.

ஒரு எச்சரிக்கை: ஒரு பக்கத்தைச் செய்துவிட்டு மறுபக்கத்தை மிரர் மாடிஃபையரில் (கண்ணாடிப் பிம்பமாக நகலெடுக்கும் கருவியில்) எடுக்காதீர்கள். பிஸ்டனின் தள்ளலைச் சக்கரச் சுழற்சியாக்கும் இரண்டு பக்கக் கிராங்குகளும் 90 பாகை விலகி நிற்கும். ஒரு பிஸ்டன் ஓட்டத்தின் முனையில் நிற்கும்போது மற்றது நடுவிலிருந்து தள்ளினால்தான் நின்ற வண்டி கிளம்பும்.

கேள்வி: பாய்லரில் ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் தறையாணி) எத்தனை வரிசை?

பதில்: வெளியே தெரியாது. பாய்லர்மேல் மரப்பட்டை, அதன்மேல் தகடு, பட்டைகள். ரிவெட்டைப் புகைப்பெட்டியிலும் (புகைபோக்கிக்கு அடியில் உள்ள முன்பகுதி) டெண்டரிலும் (எரிபொருளும் நீரும் சுமக்கும் பின்வண்டி) காட்டுங்கள்.

கேள்வி: கிராம்ப்டனுக்கு அடர்த்தியான கரும்புகை வேண்டும். எப்படி சிமுலேட் செய்வது?

பதில்: வேண்டாம். 1850களின் தொடக்கத்தில் எரித்தது கோக், அதாவது சூளையில் சுட்டுப் புகைச்சத்து நீக்கிய நிலக்கரி. அது கரும்புகை கக்காது. நீங்கள் காட்ட வேண்டியது நீராவி. சிலிண்டரில் வேலை முடித்த ஆவி புகைபோக்கி வழியாகத் துடிப்புத் துடிப்பாக வெளியேறும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற நான்கு துடிப்பு. மணிக்கு 72 கிலோமீட்டரில் 2.3 மீட்டர் சக்கரம் நொடிக்குச் சுமார் 2.8 சுற்று, அதாவது 11 துடிப்பு. நொடிக்கு 24 ஃபிரேமில் அனிமேட் செய்தால் சக்கரம் ஃபிரேமுக்கு 41 பாகைக்குச் சற்று மேல் சுற்றும். சக்கரத்தையும் ஆவியையும் இந்தக் கணக்கில் பூட்டுங்கள்.

கேள்வி: ஓவியர் மோனே 1877இல் வரைந்த பாரிஸ் சென்-லசார் நிலைய ஓவியங்களில் அவ்வளவு புகை இருக்கிறதே?

பதில்: லெ கோந்தினான் கட்டி 25 ஆண்டு ஆன பிறகு வரைந்தவை அவை. கோக்குக்குப் பதில் நிலக்கரி வந்துவிட்டது. அப்போதும் ஒர்சே அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்தைப் பாருங்கள்: கண்ணாடிக் கூரைக்கு அடியில் தேங்குவது நீலம் கலந்த வெள்ளை.

கேள்வி: கரும்புகை இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு ரயிலாகவே தெரியாது. கலைஞனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

பதில்: உண்டு. கனவுக்காட்சி என்றால் ஊதாப் புகைகூட விடுங்கள். '1852, பாரிஸ்' என்று தலைப்பு வைத்துவிட்டால் அந்த ஆண்டுக்குக் கட்டுப்பட வேண்டும். உங்கள் படத்தைப் பார்த்துத்தான் ஒரு பள்ளிப் பிள்ளை அந்தக் காலத்தை மனத்தில் வைத்துக்கொள்ளும். அழகும் குறையாது. வண்டி கிளம்பும்போது, சிலிண்டரில் தேங்கிய நீரை வெளியேற்றத் திறக்கும் குழாய்களிலிருந்து சக்கர உயரத்தில் வெள்ளை ஆவி பக்கவாட்டில் சீறும். குளிர்காலை என்றால் அது திரண்டு தரையோடு படரும். வெயிலில் உடனே கரையும். இதை ஒருமுறை ரெண்டர் செய்து (மாடலை இறுதிப் படமாக்கி) பாருங்கள், கரும்புகையைத் தேட மாட்டீர்கள்.

கேள்வி: ஆனாலும் சினிமாவில்...

பதில்: புகையைப் பற்றி இதோடு போதும் நண்பரே. மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: பழைய புகைப்படத்தை வைத்து நிறம் போடலாமா?

பதில்: கூடாது. அன்றைய கொலோடியன் தட்டு (ரசாயனம் பூசிய புகைப்படக் கண்ணாடி) நீல ஒளிக்கே மசியும். சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுக்கும். படத்தில் கருத்திருப்பது கறுப்புப் பெயிண்ட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மறுபக்கத்துக்கு மிரர் போட்டால் நேரம் மிச்சமாகுமே?

பதில்: மேலே முதல் பதில். 90 பாகை.

கேள்வி: 1895இல் பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையச் சுவரை உடைத்து விழுந்த எஞ்சின் கிராம்ப்டனா?

பதில்: இல்லை. மேற்கு ரயில்வேயின் 721ஆம் எண் எஞ்சின். முன்னால் ஒரு ஜோடி சிறு சக்கரம், பின்னால் இணைத்த இரண்டு ஜோடி. கீழே தெருவில் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்த பெண் அன்று இறந்துபோனார். அதை வேடிக்கைக் காட்சியாக வரையாதீர்கள்.

கேள்வி: டிஜிவி (பிரான்சின் அதிவேக ரயில்) மாடல் பற்றி?

பதில்: அது மின்சார ரயில். அதற்கென்று இருப்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: இரட்டைத் தடத்தில் வண்டியை எந்தப் பக்கம் விடுவது? கிராங்கை மிரர் செய்யவில்லை சார், 90 பாகைதான்!

பதில்: நன்றி. பிரான்சில் இடப்பக்கம். 1871க்குப் பிறகு ஜெர்மன் ஆட்சியில் இருந்த அல்சாஸ், மோசெல் பகுதிகளில் மட்டும் வலப்பக்கம். ரெண்டர் முடிந்த படத்தை அழகுக்காக இடவலமாகத் திருப்பிப் போட்டால் இதுவும் மாறிவிடும், எண் பலகையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டுவிடும்.