சீரியலில் நடித்த மகளை இந்த முறை கூப்பிடவில்லை, என்ன செய்வது?

கேள்வி: மகளுக்கு 9 வயது, தொடக்கநிலை 3. இரண்டு ஆண்டுகளாக ஒரு தமிழ்த் தொடர்நாடகத்தில் நடித்தாள். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் போனால் யாராவது நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். புது சீசனுக்கு அவளைக் கூப்பிடவில்லை. "நான் நல்லா நடிக்கலையாம்மா?" என்று அழுகிறாள். உடனே வேறு ஆடிஷனுக்குக் கூட்டிப் போகலாமா? (செங்காங் வாசகி)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அங்கேயும் 'இல்லை' என்றால், தன் சந்தேகம் சரிதான் என்று அவளே முடிவுகட்டிவிடுவாள்.

முதலில் தயாரிப்புக் குழுவிடம் காரணத்தைக் கேளுங்கள். நீங்களாகக் கதை கட்டவேண்டாம். பெரும்பாலும் உயரமும் குரலும்தான் காரணமாக இருக்கும். 7 வயதுக்கு எழுதிய வேடம் 9 வயதில் பொருந்தாது. அப்படியென்றால், "நீ வளர்ந்துட்டே, அந்த வேஷம் வளரல" என்று நேராகச் சொல்லுங்கள். 1960-ல் 5 வயதில் அறிமுகமான கமல்ஹாசனே பிறகு நாடகக் குழு, நடன உதவியாளர் வேலை என்று சுற்றித்தான் கதாநாயகன் ஆனார். இது உங்கள் ஆறுதலுக்கு மட்டும். அவளிடம் சொன்னால் 'நானும் திரும்பி வந்தே ஆகணும்' என்று எடுத்துக்கொள்வாள்.

உண்மையில் எனக்கு உறுத்துவது வீட்டுப் பேச்சு. தீபாவளிக்கு வரும் சொந்தக்காரர்கள் அவளிடம் என்ன கேட்டார்கள்? "அந்த வசனத்தைச் சொல்லு", "அடுத்த ஷூட்டிங் எப்போ?" பாத்திரத்தின் பெயரிலேயே கூப்பிட்டிருப்பார்கள். அன்பும் கைதட்டலும் சேர்ந்தே வந்தால், கைதட்டல் நின்றதும் அன்பும் நின்றுவிட்டதாகத்தான் அந்த வயதில் தோன்றும். அதனால் பாட்டி உட்பட எல்லாரிடமும் சொல்லிவையுங்கள்: சொந்தப் பெயரில் கூப்பிடுங்கள், சீரியல் பேச்சை அவளே எடுத்தால் மட்டும் பேசுங்கள். பழைய காட்சிகளை டிக்டாக்கில் போடுவதையும் நிறுத்துங்கள். (அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான்!)

சம்பளம் வந்திருந்தால் அவள் பெயரில் வங்கிக் கணக்கில் போட்டு அவளிடமே காட்டுங்கள். ஹாலிவுட்டின் ஜாக்கி கூகன், சிறுவயதில் சம்பாதித்த பணத்துக்காக 1938-ல் தாய்மீதே வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் சம்பளத்தைக் காக்கவென்று சட்டம் வந்தது.

இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு சரியில்லை, பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறாள் என்றால் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் சொன்னால் குழந்தை மனநலப் பிரிவுக்கு அனுப்பிவைப்பார்கள்.

அப்புறம் ஆடிஷன். அடுத்த பள்ளி விடுமுறைவரை பொறுங்கள். "கேமரா இல்லாம, பள்ளி நாடகத்துல நடிக்கப் பிடிக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வர நேரமானாலும் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.