எங்கள் வீட்டுக் கலண்டரில் இருந்த கடன்

கேள்வி: கிறிஸ்தவ விசுவாசத்தை எளிமையாக வாழ ஆசைப்படுகிறேன். ஆனால் சொந்தக்காரர் ஒருவரை மன்னிக்க முடியவில்லை. என்ன செய்வது?

இதைப் படித்ததும் எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் தொங்கிய கலண்டர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளைத்தான் லயம் என்போம். அப்பா 55 வயதில் எடுத்த ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசில் 1,80,000 ரூபாயைச் சித்தப்பா கைமாற்றாக வாங்கிக்கொண்டு, கடை போடுவதாகச் சொல்லிக் கொழும்புக்குப் போனார். கடையும் நிலைக்கவில்லை, காசும் திரும்பவில்லை. இரண்டு வருடத்தில் அப்பா இறந்துவிட்டார். அம்மா அந்தத் தொகையைக் கலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். ஜனவரியில் புதுக் கலண்டர் வந்ததும் பழையதைப் பார்த்து அப்படியே அதில் எழுதுவார். ஏழு வருடம் எழுதினார்.

எட்டாவது வருடம் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "தினம் ராத்திரி எங்க கடனை மன்னியும்னு கேட்டுட்டு, இதையும் எழுதி வச்சா எப்புடி?" என்றார். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அம்மா கொழுந்து பறிக்கிறவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தைத் தான் சொல்கிறபடியே எடுத்துக்கொண்டார். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்றுதானே மத்தேயு 6:12 சொல்கிறது? விசுவாசத்தில் எளிமை என்று நான் கண்டது இதைத்தான்.

அப்போது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பாவின் உழைப்பை அம்மா சும்மா விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். மத்தேயு 18இல் இயேசு சொல்லும் இரக்கமில்லாத ஊழியக்காரனின் கதைகூட எனக்கு உதவவில்லை. ராஜா அவனுடைய பெரிய கடனை மன்னித்துவிட்டார், அவனோ தன் உடன் ஊழியக்காரனின் கடனை மன்னிக்கவில்லை. அவனுக்கு அந்த உடன் ஊழியக்காரன் தர வேண்டிய நூறு வெள்ளிப்பணம் அற்பக் காசு என்றே பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. 2021இல் தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு லட்சம் ரூபாய்! லயத்துக் குடும்பத்துக்கு அது சின்னக் காசா? உனக்கு நடந்தது சின்ன விஷயம் என்று இயேசு சொல்லவே இல்லை. நட்டம் பெரியதுதான். அந்த ஊழியக்காரனுக்கு ராஜா மன்னித்த பதினாயிரம் தாலந்து, ஆறு கோடி நாள் கூலி. அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார், அவ்வளவுதான். இது புரிந்த பிறகுதான் என் கோபம் கொஞ்சம் இறங்கியது.

எங்கள் மலையகத்துக்குக் கடன் என்ற சொல் புதிதில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டம் மாறுகிற தொழிலாளிக்குத் 'துண்டு' என்று ஒரு சீட்டு உண்டு. அவருடைய கடன் அதில் எழுதியிருக்கும். அதைப் புதிய தோட்டம் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். கட்டிய காசும் மறுபடி அவர் தலையிலேயே ஏறும். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். எங்கள் வீட்டுக் கலண்டர் கணக்கும் ஒரு துண்டுதான் என்று பிற்பாடு தோன்றியது. ஆனால் சித்தப்பாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வருடா வருடம் அதைப் பார்த்துப் பொருமியது நாங்கள்தான்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அம்மா அதற்குப் பிறகு சித்தப்பாவுக்குக் கடன் கொடுக்கவில்லை. கேட்டபோது, "இல்ல தம்பி, என்னால முடியாது" என்று நேராகவே சொன்னார். அதேபோல, அடிக்கிற புருஷனை மன்னித்துவிட்டு அவனோடேயே இரு என்று பெண்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர்களை என்னால் ஏற்க முடியாது. கூலியைப் பிடித்து வைத்தவர்களை யாக்கோபு 5:4 எவ்வளவு கடுமையாகக் கேட்கிறது! நியாயம் கேட்பது மன்னிப்புக்கு விரோதமில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மனது இளகட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றிரவு ஜெபத்தில் 'கடனாளிகளுக்கு' என்று வரும்போது அந்த ஆளின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். வாயில் வராவிட்டால், வரவில்லை என்று ஆண்டவரிடமே சொல்லிவிட்டு நாளைக்குத் திரும்பவும் முயலுங்கள். எனக்குச் சித்தப்பாவின் பெயர் வர நாலு வருடம் பிடித்தது.

போன நத்தாருக்கு அவர் வந்திருந்தார். மிகவும் மெலிந்துவிட்டார். அம்மா ரொட்டியும் சம்பலும் வைத்தார், நான் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அப்பாவின் சின்ன வயதுக் கதைகளை இருட்டும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பாதி எனக்குத் தெரியாதவை.