வட்டாரப் போட்டி

கேள்வி: ஆப்பிரிக்கத் தடகள சாம்பியன்ஷிப்பைப் பற்றிப் போன இதழில் அப்படி என்ன புளகாங்கிதம்? கென்யாக்காரர்கள் நெடுந்தூரம் ஓடி ஜெயிக்கும் ஒரு வட்டாரப் போட்டிதானே அது? 2018-ல் வீரர்களை விமான நிலையத் தரையில் படுக்கப் போட்டதை மறந்துவிட்டீர்களா?
- ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: வட்டாரமா! முதல் போட்டி நடந்தது 1979-ல், செனகலின் டக்காரில். 2022-ல் நடந்தது மொரீஷியஸில். இரண்டுக்கும் நடுவே சுமார் 9,000 கிலோமீட்டர். சென்னையிலிருந்து லண்டனே இதைவிடக் கிட்டம். இதற்கு எந்த பி.டி.ஓ. பொறுப்பு?

வட்டாரப் போட்டி என்றால் என்னவென்று என்னைக் கேளுங்கள். எட்டாம் வகுப்பில் ஓடியவன் நான். சுண்ணாம்புக் கோடு போட்ட கரட்டுத் தரை, வெறுங்கால், நூறு மீட்டர். இரண்டாவதாக வந்தேன். பரிசு, எவர்சில்வர் சோப்பு டப்பா. அதை வாங்கக் கை நீட்டும் நேரத்தில்தான் சிறப்பு விருந்தினரின் ஜீப் வந்தது, இரண்டரை மணி நேரம் தாமதமாக. "அடடா, முடிஞ்சிருச்சா?" என்று அவர் முகம் வாடியது. பி.டி. வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை, மறுபடி ஓடவிட்டார். இந்தத் தடவை நான் ஐந்தாவது. போட்டோகிராபரும் ஜீப்பில்தான் வந்திருந்தார் என்பதால், இதுவே செல்லும் என்று அறிவித்துவிட்டார்கள்.

2018-ல் நைஜீரியாவில் கதை தலைகீழ். தாமதமானது ஓட வந்தவர்கள். போட்டி நைஜர் ஆற்றங்கரை அசாபாவில், அவர்கள் மாட்டிக்கொண்டது லாகோஸில். விமானத்தில் ஒரு மணி நேரத் தூரம். அதற்கு விமானம் கிடைக்காமல் தரையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள். வெட்கக்கேடு, மறுக்கவில்லை. ஆனால் தரையில் படுத்த கென்ய அணிதான் பதக்கப் பட்டியலில் முதலில் நின்றது. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 400 மீட்டரை 50 விநாடிக்குள் முடித்தார், 800-லும் தங்கம் வாங்கினார். படுக்கவைத்தது மட்டும்தான் உங்கள் காதுக்கு வந்தது போலிருக்கிறது.

கென்யா என்றால் நெடுந்தூரம் என்பதும் பழைய பாட்டு. மொரீஷியஸில் 100 மீட்டர் ஜெயித்த ஃபெர்டினண்ட் ஒமன்யாலா கென்யாக்காரர். அவருக்கும் 9.93 விநாடி, இரண்டாவது வந்த தென்னாப்பிரிக்காவின் அகானி சிம்பினேவுக்கும் அதே 9.93. ஆயிரத்தில் ஒரு பங்கைப் பார்த்துத்தான் பிரித்தார்கள். நல்லவேளை, ஜீப் எதுவும் வரவில்லை.

மொரீஷியஸ் என்றதும் இன்னொன்று. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடம் தமிழுக்கு. 1998-ல் அதை மூன்றாவது இடத்துக்கு இறக்கி நோட்டு அடித்தார்கள். அங்குள்ள தமிழர்கள் கொதித்துப்போனார்கள். நோட்டைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. தமிழுக்கு இரண்டாம் இடம் திரும்பக் கிடைத்தது.

எனக்காகக் கொதிக்க அன்றைக்கு ஆள் இல்லை. சோப்பு டப்பாவைப் பக்கத்து ஊர்ப் பையன் கொண்டுபோனான்.