கவுன்சலரிடமும் ‘சரிங்க’ என்றே தலையாட்ட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 26 வயது. என்ன உடுத்துவது, யாருடன் பேசுவது, எதைப் படிப்பது என எல்லாவற்றையும் அப்பாவே முடிவு செய்யும் வீட்டில் வளர்ந்தேன். இப்போது சென்னையில் வேலை, விடுதியில் தங்கியிருக்கிறேன். ஆனாலும் வீட்டிலிருந்து போன் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. ஓட்டலில் என்ன சாப்பிடுவது என்றுகூட முடிவெடுக்க வரவில்லை. ஒரு கவுன்சலரைப் பார்த்தேன். “பெத்தவங்கதானே, அனுசரிச்சுப் போம்மா” என்றார். பரிவோடு கேட்பவரை எப்படித் தேடுவது?

பதில்: அந்த அறிவுரையைப் பக்கத்து வீட்டு அத்தை இலவசமாகவே சொல்லியிருப்பார்!

செருப்புச் சத்தத்தை வைத்தே அப்பாவின் கோபத்தைக் கணிக்கப் பழகிய உடம்பு, ஊர் மாறியதும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடாது. போன் மணி அடித்ததும் அட்ரினலின் சுரக்கிறது. படபடப்பும் வியர்வையும் அதன் வேலைதான். சிகிச்சையில் இது நன்றாகவே குறையும். எதற்கும் தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவற்றில் கோளாறு இருந்தாலும் படபடப்பு வரும்.

‘கவுன்சலர்’ என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிடுகிறார்கள். நீங்கள் தேட வேண்டியது, எம்.ஃபில். முடித்து ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது பேச்சு வழியே சிகிச்சை தரும் உளவியல் நிபுணர். பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். உறவினருக்குத் தெரிந்தவர், குடும்ப நண்பர் வேண்டாம்.

சரி, பரிவை எப்படி அறிவது? இனிக்க இனிக்கப் பேசுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் ‘வேண்டாம்’ என்றால் அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். உங்களைப் போல வளர்ந்தவர்கள், எதிரில் இருப்பவர் எதிர்பார்ப்பதைப் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்து அதையே சொல்லிவிடுவார்கள். அதனால் முதல் சந்திப்பிலேயே, “இதைப் பற்றி இன்னைக்குப் பேச வேண்டாம்” என்று ஏதாவது ஒன்றைத் தள்ளிவையுங்கள். “சரி, தோணும்போது சொல்லுங்க” என்றால் நல்ல அறிகுறி. “என்கிட்டயே மறைச்சா எப்படிக் குணமாகும்?” என்றால் வேறு ஆளைப் பாருங்கள். “வீட்டோடு உறவை வெட்டிவிடு” என்று கட்டளையிடுபவரும் வேண்டாம். அப்பாவின் நாற்காலியில் இவர் உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: “எங்க வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் என்ன சொல்வீங்க?” நீங்கள் அங்கே வருவதையே உங்கள் அனுமதியின்றிச் சொல்ல மாட்டேன் என்பதுதான் சரியான பதில். 2017ஆம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம் இந்த ரகசியத்தை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டுமே விதிவிலக்கு.

பொதுவாக வாரம் ஒருமுறை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை, சில மாதங்கள் ஆகும். பயிற்சிகள் சிறிதாகத்தான் தொடங்கும். மெனுவைப் பார்த்து நீங்களே ஒன்றைச் சொல்வது, அப்புறம் வீட்டு அழைப்பை உடனே எடுக்காமல் நீங்கள் தீர்மானித்த நேரத்தில் திரும்பக் கூப்பிடுவது. ஆரம்பத்தில் படபடப்பு கொஞ்சம் கூடலாம். ஆனால் பேசும் விஷயம் கஷ்டமாக இருப்பது வேறு, பேசும் ஆளைக் கண்டு பயப்படுவது வேறு. மூன்று நான்கு முறைக்குப் பிறகும் பயம் போகவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரையும் பாருங்கள். பதற்றத்தைக் குறைக்க அவர் எழுதித் தரக்கூடிய எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். தூக்க மாத்திரை மாதிரி அடிமையாக்காது. ஆனால் நீங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது.

செலவு இடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் இருக்கிறது. அரசின் மனநல உதவி சேவையான ‘டெலி மானஸ்’ 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். வீட்டிலிருந்து மிரட்டலோ அடிதடியோ வந்தால் பெண்கள் உதவி எண் 181. ‘செத்துவிடலாம்’ என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், நல்ல ஆள் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் அன்றே 14416-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.