ரோமானியத் தொல்லியலை இன்றைய ஊர்மக்களோடு கதை வழியாக இணைப்பது எப்படி?

பேரரசரில் தொடங்காதீர்கள், ஒரு சாதாரண ஆளில் தொடங்குங்கள். எனக்குத் தெரிந்து இதற்கு அருமையான இடம் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள சவுத் ஷீல்ட்ஸ். அங்கே ரோமானியக் கோட்டையருகே 1878இல் ரெஜினா என்ற பெண்ணின் கல்லறைக் கல் கிடைத்தது. தென் பிரிட்டனின் கட்டுவெல்லானி இனத்தவள், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள், 30 வயதில் இறந்திருக்கிறாள். கல்லை வைத்த கணவர் பராத்தெஸ் சிரியாவின் பல்மைராக்காரர். லத்தீன் வரிகளுக்குக் கீழே தன் ஊர் மொழியான அராமைக்கிலும் ஒரு வரி வெட்டவைத்து 'ஐயோ' என்று முடித்திருக்கிறார்.

சரி, கதை எங்கே வருகிறது? கல் சொல்லாத இடங்களில்தான். கல்லில் செதுக்கிய உருவத்தில் ரெஜினா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் நூல் நூற்கும் கதிர், பக்கத்தில் கம்பளி நூலுருண்டைகள் நிறைந்த கூடை, ஆனால் முகம் சிதைந்துபோயிருக்கிறது. இருவரும் வீட்டில் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள்? அதை ஊர்மக்களையே எழுதச் சொல்லுங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏமன் மாலுமிகள் அந்த ஊரில் குடியேறி, பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகளிடம் இந்தக் கேள்விக்கு நம்மைவிட நல்ல பதில் இருக்கும்.

அப்புறம், இதை வெறும் காதல் கதையாக்கிவிடாதீர்கள். அவளை அடிமையாக வைத்திருந்தவரும் பராத்தெஸ்தான், அதை மறைத்தால் ரெஜினாவுக்குச் செய்யும் அநியாயம். எது கல்லில் உள்ளது, எது கற்பனை என்பதும் கேட்பவருக்குத் தெரிய வேண்டும். இரண்டையும் இரண்டு வேறு குரல்களில் வாசிக்க வைத்தாலே போதும்.