கதவும் நிலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் மழையில் இறுகிப்போன கதவுகளைப் பற்றியவை. ஒவ்வொரு கார்த்திகையிலும் இதே கதைதான். கேள்வி அனுப்புகிறவர்கள் அளவையும் எழுதுங்கள் என்று பலமுறை கேட்டுவிட்டேன். "எங்கள் கதவு சரியில்லை, என்ன செய்வது?" என்று ஒரே வரியில் எழுதினால் பதில் சொல்ல வழியில்லை.

*ஃபிளஷ் டோர் (ஒட்டுப்பலகைக் கதவு) போட்டு இரண்டு வருடம். மழைக்காலத்தில் பிடிக்கிறது. ஆசாரி இழைத்துவிடலாம் என்கிறார். (திருவாரூர்)*

இழைக்க விடாதீர்கள். ஐப்பசியில் இழைத்த கதவு சித்திரையில் விரல் நுழையும் இடைவெளி காட்டும். முதலில் ஒரு கண்ணாடியைக் கதவின் அடியில் தரையோடு வைத்துப் பாருங்கள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி மேல் விளிம்பைப் பாருங்கள். இரண்டும் பெயின்ட் படாமல் மரமாகவே இருக்கும். முன்னும் பின்னும் மூன்று கோட் அடித்துவிட்டுத் தலையையும் காலையும் விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. தை பிறந்து நன்றாகக் காய்ந்த பிறகு கதவைக் கழற்றி, அந்த இரண்டு விளிம்புக்கும் பிரைமரும் இரண்டு கோட் பெயின்ட்டும் கொடுங்கள். அதன் பிறகும் பிடித்தால் இழைக்கலாம். இழைத்த இடத்துக்கு அன்றே பெயின்ட் வைத்துவிட வேண்டும்.

*பர்மா தேக்கு, நாட்டுத் தேக்கு, எது வாங்கலாம்? (விழுப்புரம்)*

மியான்மர் 2014-இலேயே உருளை மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இறக்குமதித் தேக்கு என்று இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கத் தோட்டங்களில் வளர்ந்தது. ஊர்ப் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள். வைரம் (நடுவிலுள்ள கருத்த, கெட்டியான மரம்) எவ்வளவு, அதைச் சுற்றியுள்ள வெளிர்ப் பகுதி எவ்வளவு, முடிச்சு எங்கே, ரேகை நேராக ஓடுகிறதா, மரம் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிர்ப் பகுதி கலந்த பர்மா தேக்கைவிட முழு வைரம் பாய்ந்த நாட்டுத் தேக்கு மேல்.

*கதவு தானாகத் திறந்துகொள்கிறது. (ஈரோடு)*

நிலை தூக்குக்குண்டுக்கு நிற்கவில்லை, அல்லது கீல்கள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. நூலில் கட்டிய குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். வித்தியாசம் சிறியதென்றால் ஒரு கீலின் அடியில் கெட்டி அட்டை வைத்துச் சரிசெய்யலாம். அரை அங்குலத்துக்கு மேல் என்றால் நிலையைத்தான் தொட வேண்டும்.

*மொத்தக் கதவுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையில் வர வேண்டுமா? (பெயர் இல்லை)*

அது என் துறை இல்லை. உறுதிக்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை.

*எங்கள் தோட்டத்து வேப்பமரத்தை வெட்டி, மூன்று வாரம் முன்பு அறுத்து வைத்திருக்கிறோம். மார்கழி பிறப்பதற்குள் தலைவாசல் நிலை வைக்க நாள் குறித்தாயிற்று. வேம்பு கசப்பு என்பதால் கரையான் வராதுதானே? (திண்டுக்கல் மாவட்டம்)*

இந்தக் கடிதம் வருடத்துக்கு ஒன்றாவது வந்துவிடுகிறது. ஆனியில், இல்லையென்றால் கார்த்திகைக் கடைசியில். ஆடியும் மார்கழியும் வருகிறதே என்ற பதற்றத்தில் பச்சை மரத்தைச் சுவரில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கூரை, தரை, பெயின்ட் எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் பொறுப்பவர்கள் வீட்டின் முதல் மரத்துக்கு மட்டும் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள்.

மூன்று வாரம் முன்பு அறுத்த மரத்தில் 40, 50 விழுக்காடு ஈரம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. கதவு வேலைக்கு அது 12 விழுக்காட்டை ஒட்டி வர வேண்டும். காயும்போது மரம் நீளவாக்கில் சுருங்குவது இல்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில் சுருங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. அதிகம் அசையாத மரம் என்று பெயர் வாங்கிய தேக்கே, 10 அங்குலப் பலகையில் கால் அங்குலம் வரை சுருங்கிவிடும். உங்கள் நிலைக்கு ஒரு பக்கம் ஈரச் சிமென்ட், எதிர்ப்பக்கம் வெயில். சட்டம் முறுக்கிக்கொள்ளும். மூலையில் கழுந்து (ஒரு சட்டத்துக்குள் மற்றொன்று செருகும் முனை) விலகும். நிலையை ஒட்டிப் பூச்சில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விடும். கதவை மாட்டும்போது மேல் மூலை காடியில் (கதவு பதியும் வெட்டில்) உட்கார்ந்தால் கீழ் மூலை அரை அங்குலம் வெளியே நிற்கும். அப்போது எல்லாரும் ஆசாரியைத் திட்டுவார்கள். பாவம், அவர் செய்த தப்பு வேலையை ஒப்புக்கொண்டது ஒன்றுதான்.

கசப்பு பற்றி: வேம்பின் வைரப் பகுதி நல்ல மரம், மறுக்கவில்லை. வெளிர்ப் பகுதியை வண்டு விடாது. இரண்டு வருடத்தில் நிலையடியில் மாவு கொட்டும். கரையானும் அதைத் தின்னும். அறுத்த சட்டத்தின் ஓரத்தில் வெளிர் நிறப் பட்டை தெரிந்தால் அதைச் சீவிவிட்டு மிச்சத்தை எடுங்கள்.

நாளை மாற்ற வேண்டாம், மரத்தை மாற்றுங்கள். தலைவாசல் நிலைக்கு மட்டும் காய்ந்த மரமாகக் கடையில் வாங்குங்கள். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டிய அவசியம் இருக்காது. நவரத்தினம் வைப்பது, மாவிலை கட்டுவது எல்லாம் அந்த நிலைக்கே நடக்கட்டும். வேம்பை நிழலில் அடுக்குங்கள். தரையிலிருந்து ஒரு அடி தூக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஓர் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து, வெட்டு முனைகளில் பெயின்ட் பூசி, மேலே பாரம் வைத்துவிடுங்கள். முனையில் பெயின்ட் பூசாவிட்டால் அங்கே வேகமாகக் காய்ந்து வெடிக்கும். உள் அறைக் கதவுகளுக்கு அதுவே அருமையாக உதவும், ஆனால் மீட்டர் சரி என்று சொன்ன பிறகுதான்.

இனி வீடு கட்டப்போகிறவர்களுக்கு: கடைக்கால் தோண்டும் வாரத்திலேயே மரத்தை வாங்கி அடுக்கிவிடுங்கள்.

*பாத்ரூம் கதவுக்கு எது நல்லது? (சென்னை)*

நிலை மரமா, கிரானைட்டா, தண்ணீர் நேரே அடிக்குமா, எதையும் எழுதவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். நிலைக்குக் கிரானைட், கதவுக்கு எஃப்ஆர்பி (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) அல்லது டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை). பொள்ளலான பிவிசி விலை குறைவு, கீல் ஸ்க்ரூ சீக்கிரம் தளர்ந்துவிடும். டபிள்யூபிசி கனமானது, மூன்று கீல் கட்டாயம்.

*7 அடி நிலை சொன்னேன். குடிவந்த பிறகு அளந்தால் 6 அடி 9 அங்குலம்தான் இருக்கிறது. மேஸ்திரி ஏமாற்றிவிட்டாரா? (மதுரை)*

ஏமாற்றவில்லை. கரடுமுரடான தரையிலிருந்து அளந்து வைத்தார். அதன் மேல் கலவையும் டைல்ஸும் 3 அங்குலம் ஏறிவிட்டது. நிலை வைப்பதற்கு முன்பே முடிந்த தரைமட்டத்தை ட்யூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய குழாயில்) எடுத்து, எல்லா அறைச் சுவரிலும் கோடு போட வேண்டும். இப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. கதவை அடியில் அறுத்திருப்பீர்களே, அறுத்த இடத்துக்குப் பெயின்ட் அடித்தார்களா என்று பாருங்கள். தலையும் காலும், மறக்காதீர்கள்.

*மரக்கடை பில்லில் கன அடிக் கணக்கு புரியவில்லை. எப்படிச் சரிபார்ப்பது? (கரூர்)*

அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் பெருக்கி 144-ஆல் வகுத்து, மொத்த நீளத்தை அடியில் பெருக்குங்கள். மூன்றரைக்கு ஏழு அடித் தலைவாசல், 5-க்கு 4 அங்குலச் சட்டம், கீழ்ப்படியும் உண்டு என்றால் நீளம் சுமார் 22 அடி, ஆக 3 கன அடி. மூன்றுக்கு ஏழு உள்கதவு, 4-க்கு 3 சட்டம், படி இல்லை என்றால் ஒன்றரை கன அடி. இழைப்புச் சேதாரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் போடுவார்கள், நியாயம்தான். தலைவாசலுக்கு 4 கன அடி என்றால் கேள்வி கேளுங்கள்.

*தலைவாசலுக்கு எத்தனை கீல்? (நாகர்கோவில்)*

நான்கு. 5 அங்குலம், எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு). உங்கள் ஊர் உப்புக்காற்றுக்குச் சாதா இரும்பு வேண்டாம்.

*நிலைக்கு ஹோல்டு ஃபாஸ்ட் அவசியமா? இரண்டு போதும் என்கிறார் கொத்தனார். (கடலூர்)*

நிலையைச் சுவரோடு பிடிக்கும் அந்த இரும்புப் பட்டை பக்கத்துக்கு மூன்று வேண்டும். சுற்றிலும் கான்கிரீட் போட்டுக் கெட்டிக்க வேண்டும், வெறும் கலவை போதாது. சுவரில் படும் மரப்பக்கம் முழுவதும் தார் பூசிவிட்டு நிறுத்துங்கள்.

*அம்மாவுக்கு 78 வயது, சக்கர நாற்காலிக்கு மாறப்போகிறார். அவர் அறையின் பாத்ரூம் நிலை இரண்டரைக்கு ஏழு. கதவு உள்பக்கம் திறக்கிறது. மாற்ற வேண்டுமா? (கோயம்புத்தூர்)*

கட்டாயம் மாற்றுங்கள், தள்ளிப்போடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். நிலை வெளி அளவு 30 அங்குலம். இரு பக்கமும் சட்டம் 3 அங்குலம் போனால் உள்ளே 24. திறந்து நிற்கும் கதவும் ஓர் அங்குலத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 23. சாதாரணச் சக்கர நாற்காலியின் அகலமே 25, 26 அங்குலம், அதைத் தள்ளுகிறவரின் கை முட்டிக்கும் இடம் வேண்டும். தடையில்லாத வழி 900 மில்லிமீட்டர், அதாவது சுமார் 36 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்றரை அடி நிலை வேண்டும். கதவை முழுதாக விரித்துச் சுவரோடு சாய்க்க இடம் பாருங்கள். லிண்டலின் (நிலைக்கு மேலுள்ள கான்கிரீட் உத்திரத்தின்) நீளம் போதுமா என்று பொறியாளரிடம் காட்டிவிட்டுச் சுவரைத் தொடுங்கள்.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது, தள்ளினால் அவருக்கே காயம். கீழ்ப்படி இருந்தால் எடுத்துவிட்டு, தண்ணீர் வெளியே வராதபடி உள்தரைக்கு வாட்டம் கொடுங்கள். உள்ளே சாதாத் தாழ்ப்பாள் இருந்தால் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து காசு நுழைத்துத் திருப்பினால் திறக்கும் பூட்டு போடுங்கள். நிலை மாற்றும் வேலை முடியும்வரை காத்திருக்காமல், தாழ்ப்பாளை இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.