‘உரம்’ என்று விட்டுவிடலாமா?

கேள்வி: எங்களுக்கு ஏழு மாதப் பெண் குழந்தை. தலைப்பிரசவம். வயிற்றில் பிள்ளையின் புட்டம் கீழே இருந்ததால் 37 வாரத்தில் சிசேரியன் செய்தார்கள். இரண்டாம் மாதத்திலிருந்தே தலையை வலது தோள் பக்கம் சாய்த்து, முகத்தை இடப்பக்கம் திருப்பியே வைத்திருக்கிறாள். தலை நின்றதே ஐந்தாம் மாதம் முடியும்போதுதான். இன்னும் குப்புற விழவில்லை. இடது கையை அவ்வளவாக நீட்டுவதில்லை. முகம் பார்த்து நன்றாகச் சிரிக்கிறாள். ‘உரம் விழுந்திருக்கு’ என்று என் அத்தை (மாமியார்) இரண்டு முறை உரம் எடுக்க, அதாவது சுளுக்கு என்று சேலையில் போட்டு உருட்டக் கொண்டுபோனார். ஒரு டாக்டர் ‘சில பிள்ளைகள் லேட்டாத்தான் செய்யும், ஒரு வயசு வரை பாருங்க’ என்றார். இன்னொருவர் கழுத்துப் பயிற்சி போதும் என்றார். இது என்னவென்று யாரும் பெயர் சொல்லவில்லை. கர்ப்பத்தில் நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?
- பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இல்லை. புட்டம் கீழே இருக்கும் பிள்ளைக்குக் கருப்பைக்குள் கழுத்து ஒரு பக்கமாக மடங்கி நெருக்கப்படுவது உண்டு. நீங்கள் படுத்த விதத்தாலோ தூக்கிய தண்ணீர்க் குடத்தாலோ அது வருவதில்லை. அந்தப் பாரத்தை இன்றே இறக்கி வையுங்கள்.

ஒரு வயது வரை காத்திருப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏழு மாதத்தில் குப்புற விழவில்லை என்பது மட்டும் இருந்தால் நானும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருப்பேன். தலை நின்றது தாமதம், ஒரு கை பின்தங்குகிறது, தலை சாய்ந்தே இருக்கிறது. மூன்றும் ஒரே குழந்தையிடம் இருக்கும்போது இப்போதே பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்தால் பலருக்கும் முதலில் தோன்றுவது கழுத்துத் தசை இறுக்கம்தான். காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு வரை சரிவாக இறங்கும் ஒரு தசை உண்டு. வலப்பக்கத் தசை குட்டையாக இருந்தால் தலை வலப்பக்கம் சாயும், முகவாய் இடப்பக்கம் திரும்பும். உங்கள் மகளின் தோற்றம் அதற்கு அப்படியே பொருந்துகிறது. முதல் சில வாரங்களில் அந்தத் தசையில் கோலிக்குண்டு போல ஒரு கட்டி தட்டுப்பட்டதா என்று யோசித்துப் பாருங்கள். தலையின் பின்புறம் இடப்பக்கம் தட்டையாகியிருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். இந்த இறுக்கம் மட்டும்தான் என்றால் சீக்கிரம் தொடங்கும் பிசியோதெரபியிலேயே பெரும்பாலான பிள்ளைகள் சரியாகிவிடுகிறார்கள்.

இது குழந்தையின் வளர்ச்சியையும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்று பாடுவார்களே, ஐந்தாம் மாதத்துக் குழந்தை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் ஆட்டம், அதற்குக் கழுத்தும் தோளும் இரண்டு பக்கமும் சமமாக உழைக்க வேண்டும். ஆகவே கழுத்துப் பயிற்சி சொன்ன டாக்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது போதாது என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் அந்த இடது கை.

முகம் எப்போதும் இடப்பக்கம் திரும்பியிருக்கும் குழந்தை இடது கையைத்தான் அதிகம் பார்க்கும், அதைத்தான் அதிகம் ஆட்டும். பின்தங்குவதாக இருந்தால் வலது கைதான் பின்தங்க வேண்டும். உங்கள் மகளிடம் நேர்மாறாக இருக்கிறது. ஒரு வயதுக்கு முன்னால் குழந்தைக்கு வலது கைப்பழக்கம், இடது கைப்பழக்கம் எதுவும் வராது. ஒரு கையை மட்டும் ஒதுக்கினால் காரணம் தேட வேண்டும். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்பில் பிரச்சினை இருக்கலாம். இடது கையை இயக்கும் மூளையின் வலப்பக்கத்தில் இருக்கலாம். இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். குழந்தையைத் தொட்டுப் பரிசோதிக்காமல் நான் பெயர் சொல்வது தவறு. ஆனால் தலைச்சாய்வுக்கு ஒரு காரணமும் கைக்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். ஒன்றைக் கண்டுபிடித்ததும் மற்றதைத் தேடாமல் விடக்கூடாது. கழுத்தை ஒருவர், கையை ஒருவர் என்று பார்க்காமல், முழுக் குழந்தையையும் ஒரே டாக்டர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உரம் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். உங்கள் அத்தையின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. கழுத்தில் ஏதோ சரியில்லை என்று முதலில் கவனித்தவரே அவர்தானே. ஆனால் சில பிள்ளைகளுக்குக் கழுத்து எலும்புகளே பிறவியில் கோணலாகவோ ஒட்டியோ இருக்கும். அந்தக் கழுத்தைச் சேலையில் போட்டு உருட்டினால் தண்டுவடத்துக்கே ஆபத்து. பிசியோதெரபியில் கழுத்தை நீட்டுவதற்கு முன்னாலும் எலும்பு சரியாக இருக்கிறதா என்று டாக்டர் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். அவள் நன்றாகத் தூங்கும்போது தலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தூக்கத்தில் நேராகி, விழித்து நிமிர்ந்ததும் சாய்ந்தால் கண் காரணமாக இருக்கலாம். கண்ணை அசைக்கும் தசையோ அதன் நரம்போ பலவீனமாக இருந்தால், இரட்டையாகத் தெரிவதைத் தவிர்க்கக் குழந்தை தானாகவே தலையைச் சாய்த்துக்கொள்ளும். அப்படி என்றால் எவ்வளவு கழுத்துப் பயிற்சி கொடுத்தும் பயனில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. எப்படியும் ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுங்கள். அப்புறம் அவள் விளையாடும்போது, பால் குடிக்கும்போது, கைக்குப் பொருளை நீட்டும்போது, தூங்கும்போது போனில் சின்னச் சின்ன வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளை அழுதுகொண்டே இருக்கும், டாக்டரால் எதையும் சரியாகப் பார்க்க முடியாது. அந்த வீடியோ பாதி வேலையை முடித்துவிடும்.

எங்கே போவது? க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவுக்குப் போங்கள். வளர்ச்சி பின்தங்கும் பிள்ளைகளுக்காக மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்ற மையம் உண்டு. 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருகிறது, சேவை இலவசம். உங்கள் மாவட்டத்தில் அது எங்கே என்று அங்கேயே கேளுங்கள். பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் தடுப்பூசி அட்டையையும் மறக்காதீர்கள்.

தலைச் சுற்றளவை அளந்து வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் மூளையைப் பற்றி ஒரு இஞ்ச் டேப் நிறையச் சொல்லும். புட்டம் கீழாக இருந்த பிள்ளை, கழுத்தும் சாய்ந்திருக்கிறது என்பதால் இடுப்பு மூட்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும். காது கேட்கும் திறன், தைராய்டு, நீங்கள் சைவம் மட்டும் சாப்பிடுபவர் என்றால் பி12 சத்து, இவற்றையும் கேளுங்கள். தைராய்டு, பி12 குறைபாடுகள் மருந்தால் சரிசெய்யக்கூடியவை, தவறவிட்டால்தான் நஷ்டம். மூளைக்கு எம்ஆர்ஐ சொன்னால் பயப்படாதீர்கள். குழந்தை அசையாமல் இருக்க மயக்க மருந்து கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

சில அறிகுறிகள் வந்தால் மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, உச்சிக்குழி புடைப்பு, எழுப்ப முடியாத மந்தம், இதுவரை செய்துவந்ததைச் செய்யாமல் விடுவது, தூங்கி எழுந்ததும் கையை விரித்துத் தலையைக் குனிந்து வரிசையாக உதறுவது. இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெயர் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை பயிற்சியை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. விழித்திருக்கும்போது உங்கள் மார்பின் மேலோ பாயிலோ குப்புறப் போட்டு, பக்கத்திலேயே இருந்து விளையாட்டுக் காட்டுங்கள். தூங்க வைப்பது மட்டும் மல்லாக்க. கிலுகிலுப்பையை வலப்பக்கம் ஆட்டுங்கள், வலப்பக்கமிருந்து கூப்பிடுங்கள், முகம் தானாகத் திரும்பட்டும். இடது கையில் பொருளைக் கொடுங்கள். தூளியில் போடும் நேரத்தைக் குறையுங்கள், அதில் உடம்பு சுருண்டே கிடக்கும். கழுத்தை நீட்டும் பயிற்சியை மட்டும் பிசியோதெரபிஸ்ட் காட்டிக் கொடுத்த பிறகே செய்யுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உங்கள் அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பகலில் பிள்ளை அவர் மடியிலும் இருக்குமே. பயிற்சியை அவருக்கும் காட்டச் சொல்லுங்கள்.